கண்ணாடி நகரம் பிறந்த கதை

லீட்ஸ் நகரில் மதகுருமார் கூட்டத்துக்குப் போயிருந்த பேட்ரிக் பிராண்ட்டே, ஹாவொர்த் கிராமத்துக் குருமனைக்குத் திரும்பியபோது பிள்ளைகள் தூங்கிப்போயிருந்தார்கள். 1826 ஜூன் 5, இரவு. மகன் பிரான்வெல்லுக்காக அவர் வாங்கிவந்த பெட்டியில் பன்னிரண்டு மரச் சிப்பாய்கள் இருந்தன. விடிந்ததும் எட்டு வயதுப் பையன் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சகோதரிகள் படுத்திருந்த அறைக்கு ஓடினான். பத்து வயது சார்லட் படுக்கையிலிருந்து குதித்து ஒரு சிப்பாயைப் பறித்தாள். இவன்தான் வெலிங்டன் கோமகன், இவன் எனக்கு என்று அறிவித்தாள். பன்னிரண்டில் உயரமானதும் அழகானதும் அவள் கையில் இருந்ததுதான். அதையும் அவளே எழுதிவைத்திருக்கிறாள்.

ஏழு வயது எமிலி இன்னொன்றை எடுத்தாள். அதன் முகம் இறுக்கமாக இருந்ததால் உம்மணாமூஞ்சி என்று பெயர் விழுந்தது. கடைக்குட்டி ஆன் எடுத்தது அவளைப் போலவே ஒரு பொடிசு. அதற்கு எடுபிடிப் பையன் என்று பெயர். பிரான்வெல் தனக்கு நெப்போலியனை வைத்துக்கொண்டான். அக்கா வெலிங்டன் என்றால் தம்பி வேறு யாரைச் சொல்லுவான்?

யார்க்‌ஷயரின் அந்தக் குன்றுப்புறத்தில் பின்னால் 'ஜேன் ஐர்', 'வுதரிங் ஹைட்ஸ்' போன்ற நாவல்கள் எழுதப்பட்டதை உலகம் அறியும். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே இந்த நால்வரும் சேர்ந்து ஒரு நாட்டை உண்டாக்கி, அதற்கு நிலப்படம், மன்னர்கள், போர்கள், பத்திரிகைகள் எல்லாம் வைத்து நடத்திவந்தார்கள். நான்கு பேர் கூடி ஒரு கதை எழுதுவது எப்படி என்பதற்கு இவ்வளவு முழுமையான பதிவு வேறெங்கும் கிடைப்பது அரிது. அந்தப் பதிவைப் படிக்கும்போது ஒன்று பளிச்சென்று தெரிகிறது. கதை அங்கே கடைசியாக வந்தது. முதலில் நடந்தது பங்கு பிரித்தல்.

சிப்பாய்கள் வந்த காலையைப் பற்றி இரண்டு சாட்சியங்கள் உண்டு. ஒன்று 1829 மார்ச்சில் சார்லட் எழுதியது. மற்றொன்று அதற்குப் பின் பிரான்வெல் எழுதிய 'இளைஞர்களின் வரலாறு'. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஓரிடத்தில்தான் உரசல். சார்லட் கணக்கில் ஆளுக்கு ஒரு சிப்பாய், அவரவருக்குச் சொந்தம். பிரான்வெல் கணக்கிலோ சிப்பாய்கள் அத்தனையும் அவனுடையவை. சகோதரிகளுக்குப் பார்த்துக்கொள்ளக் கொடுத்தான், அவ்வளவுதான். எந்தக் கூட்டுப் படைப்பை எடுத்தாலும் அதன் அடியில் இப்படி ஒரு வழக்கு தீராமல் கிடக்கும். இங்கே அந்த வழக்குதான் பதினைந்து ஆண்டுகளுக்கு எண்ணெய் ஊற்றியது.

குருமனையின் நிலைமையையும் சொல்லியாக வேண்டும். தாய் மரியா 1821இல் இறந்துபோனார். தாயின் அக்கா எலிசபெத் பிரான்வெல், தென்மேற்குக் கோடியில் இருக்கும் பென்சான்ஸ் ஊரிலிருந்து வந்து பிள்ளைகளை வளர்த்தார். மூத்த பெண்கள் மரியா, எலிசபெத் இருவரும் உறைவிடப் பள்ளியில் காசநோய் பற்றி, 1825 மே, ஜூன் மாதங்களில் அடுத்தடுத்து இறந்தார்கள். அதே பள்ளியில் இருந்த சார்லட்டையும் எமிலியையும் தகப்பனார் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். ஆக, மரச் சிப்பாய்கள் வந்தது இரண்டு அக்காமார் போய் ஓராண்டு கழித்து. பெரியவள் என்ற இடம் சார்லட்டுக்கு வந்ததும் அந்தச் சாவுகளால்தான்.

தகப்பனார் ஒரு விஷயத்தில் தாராளமானவர். பத்திரிகைகளைப் பிள்ளைகளிடமிருந்து அவர் ஒளித்து வைக்கவில்லை. லீட்ஸ் நகரிலிருந்து வரும் செய்தித்தாள்கள் வீட்டில் உரக்கப் படிக்கப்பட்டன. 'பிளாக்வுட்ஸ்' என்ற எடின்பரோ மாத இதழ் ஊர்க்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கி வந்தது. நாடாளுமன்றத்தில் யார் என்ன பேசினார், எந்த மாலுமி வடதுருவப் பனிக்கடலில் எதுவரை போனார் என்பதெல்லாம் அந்த நால்வருக்கும் தெரியும். கதைமாந்தர்களைத் தேடி அவர்கள் வெகுதூரம் போகவில்லை. அன்றைய செய்தித்தாளில் யார் இருந்தார்களோ அவர்களையே பிடித்துக்கொண்டார்கள். உம்மணாமூஞ்சிக்குப் பின்னால் பாரி என்றும், எடுபிடிப் பையனுக்கு ராஸ் என்றும் பெயர் மாறியது. இருவரும் அந்நாளைய வடதுருவப் பயணிகள்.

வெலிங்டன் நமக்கும் அந்நியரல்லர். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த போரில் படை நடத்திய கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லிதான் பின்னாளில் வெலிங்டன் கோமகனாகி, வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர். குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் வெலிங்டன் பாளையம் அவர் பெயரைத் தாங்கியது. மைசூர்ப் பக்கத்தில் அவர் பெயரை எப்படி நினைப்பார்கள் என்பது வேறு கதை. ஹாவொர்த் குருமனையில் அவர் குலதெய்வம் மாதிரி.

ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். அவர்கள் எங்கே போய் வாழ்வது?

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை, கினி வளைகுடா ஓரம் என்று முடிவாயிற்று. இது குழந்தைகள் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்த இடமில்லை. சிப்பாய்கள் வந்த அதே 1826 ஜூன் மாத 'பிளாக்வுட்ஸ்' இதழில் மத்திய ஆப்பிரிக்காவின் நிலவியல் பற்றி ஒரு கட்டுரையும் ஜேம்ஸ் மக்வீன் வரைந்த நிலப்படமும் வெளியாகியிருந்தன. நைஜர் ஆறு எங்கே கடலில் கலக்கிறது என்பது அன்று ஐரோப்பாவில் பெரிய சர்ச்சை. அதற்கு முன்னால், 1824 ஜனவரியில், அசாந்தி மக்களோடு நடந்த போரில் பிரிட்டிஷ் ஆளுநர் சார்லஸ் மெக்கார்த்தி கொல்லப்பட்ட செய்தி பரபரப்பாகப் பேசப்பட்டது. வீட்டில் கோல்ட்ஸ்மித்தின் பூகோளப் புத்தகம் ஒன்றும் இருந்தது. பாதி தெரிந்த, மீதி வெறுமையாய்க் கிடந்த ஒரு நிலப்படம் கதை கட்டுகிறவர்களுக்கு எத்தனை வசதி!

'இன்வின்சிபிள்' என்ற கப்பலில் பன்னிரண்டு பேர் இங்கிலாந்திலிருந்து புறப்படுகிறார்கள். புயலில் அலைந்து ஆப்பிரிக்கக் கரையில் ஒதுங்குகிறார்கள். அசாந்திகளோடு போரிட்டு, நகரம் கட்டுகிறார்கள். பிரான்வெல் கப்பலில் வந்தவர்களுக்குப் பெயர், பதவி, வயது போட்டுப் பட்டியலே வைத்திருந்தான். கப்பலின் தலைவர் பட்டர் கிராஷி. அவருக்கு வயது 140. எக்காளம் ஊதும் ஆர்தர் வெல்லெஸ்லிக்கு 12. இன்று கணினி விளையாட்டுக்காரர்கள் கதைமாந்தர் அட்டை என்று தயாரிக்கிறார்களே, அதைக் கண்டுபிடித்த பெருமையில் ஒரு பங்கை இந்தப் பையனுக்கும் தரலாம்.

நம் ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு இந்தக் கதை வெறும் விளையாட்டாகத் தெரியாது. பன்னிரண்டு பேர் கப்பலில் வந்து இறங்கி, அடுத்தவர் மண்ணில் நகரம் கட்டி, அதற்கு வரலாறும் எழுதிக்கொள்வதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். சாம்ராஜ்யம் தன் கனவைப் பிள்ளைகளின் பொம்மைப் பெட்டிக்குள்ளும் வைத்து அனுப்பியிருக்கிறது. ஆனால் கதை வளர வளர அவர்களை அறியாமலே ஒன்று நடந்தது. தகப்பனைப் போரில் இழந்த குவாஷியா என்ற அசாந்திச் சிறுவனை வெலிங்டன் எடுத்து வளர்க்கிறார். அவன் வளர்ந்து, அந்த வீட்டின் மேலேயே வாளெடுக்கிறான். அவனைக் கொடியவனாகத்தான் எழுதினார்கள். என்றாலும் அவனுக்குக் கோபம் வரக் காரணம் உண்டு என்பதை அவர்களால் மறைக்க முடியவில்லை.

நகரத்துக்கு வைத்த பெயர் மகா கண்ணாடி நகரம். பின்னால் சார்லட்டும் பிரான்வெல்லும் பிரெஞ்சும் கிரேக்கமும் கற்றபோது அது வெரியோபொலிஸ் ஆகி, வெர்டோபொலிஸ் ஆயிற்று. கட்டடங்களின் பிரமாண்டத்துக்கு குருமனைச் சுவரில் தொங்கிய ஜான் மார்ட்டினின் அச்சுப்படங்கள் உதவின. பாபிலோன் அரண்மனை, வானளாவிய தூண்கள், மின்னல். நகரத்தைச் சுற்றி நாடு நான்காகப் பிரிந்தது. வெலிங்டன் நாடு சார்லட்டுக்கு. ஸ்னீக்கி நாடு பிரான்வெல்லுக்கு. அவனுடைய நெப்போலியன் அதற்குள் ஸ்னீக்கியாக மாறியிருந்தான். பாரி நாடு எமிலிக்கு, ராஸ் நாடு ஆனுக்கு. நான்கு நாட்டுக்கும் தனித்தனித் தலைநகரம். பாகப்பிரிவினையில் கிணற்றை மட்டும் பொதுவில் விடுவதுபோல, மகா கண்ணாடி நகரம் மட்டும் நால்வருக்கும் பொது.

இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியத்தைப் பெரியவர்கள் பலர் கூட்டாக எழுத உட்காரும்போது எட்டுவதில்லை. அவரவர் நாட்டில் அவரவர் வைத்தது சட்டம். பொது நகரத்துக்கு வந்தால் மற்ற மூவரின் ஆட்களோடு மோதியே தீர வேண்டும். கதை நடப்பதெல்லாம் அங்கேதான். தனி உரிமை இல்லாவிட்டால் சின்னவர்களுக்கு விளையாட்டில் ஆர்வம் போயிருக்கும். பொது இடம் இல்லாவிட்டால் நாலு தனிக் கதைகள் ஆகியிருக்கும்.

அடுத்த பிரச்சினை சாவு. பிரான்வெல்லுக்குப் போர் பிடிக்கும். போரில் யாராவது செத்தாக வேண்டும். செத்தவன் அக்காவின் ஆள் என்றால் அன்றைக்கு விளையாட்டு நின்றுவிடும். இதற்குத்தான் நால்வரும் பூதங்களானார்கள். 'ஆயிரத்தொரு இரவுகள்' படித்த பிள்ளைகள் அல்லவா? டாலி, பிரான்னி, எம்மி, அன்னி என்று நான்கு மகா பூதங்கள் அந்த நாட்டைக் காவல் காத்தன. செத்தவர்களை எழுப்பும் வரம் பூதங்களுக்கு உண்டு. பட்டியலில் ஒருவன் பெயருக்கு எதிரே உயிர் பெற்றான் என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. பிரான்வெல்லின் வரலாற்றில், வானத்தை முட்டும் தலையோடு ஒரு ராட்சதன் வந்து பன்னிரண்டு பேரையும் அள்ளிக்கொண்டு போகிறான். அந்த ராட்சதன் பொம்மைப் பெட்டியோடு சகோதரிகள் அறைக்கு ஓடிய எட்டு வயதுப் பையன்தான். எழுதியவனே கதைக்குள் கடவுளாக நுழைந்து, தன்னைப் பார்த்துத் தானே பயப்படுவதுபோல எழுதியிருக்கிறான். பெரிய எழுத்தாளர்கள் செய்தால் இதற்கு நீளமான பெயர் ஒன்று வைத்திருப்பார்கள்.

சிப்பாய் விளையாட்டோடு வேறு விளையாட்டுகளும் ஓடின. 1827 ஜூலையில் ஆரம்பித்த ஒன்றில் ஈசாப் கதைகளிலிருந்து ஆட்களை எடுத்தார்கள். குடிமக்கள் ஆறு மைல் உயரம். தலைவர்கள் பத்து மைல். எமிலியின் தலைவன் மட்டும் நாலே மைல். ஏன் என்று சார்லட் எழுதவில்லை. எமிலியை அறிந்தவர்கள் கேட்கவும் மாட்டார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் மாத இரவு ஒன்றை சார்லட் நாடகம் போலவே பதிந்துவைத்திருக்கிறாள். ஒரு கதையுலகம் பிறக்கிற நிமிடத்தை இவ்வளவு கிட்டத்தில் நின்று யாரும் காட்டியதில்லை. வெளியே பனிக்காற்று. நால்வரும் சமையற்கட்டு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். மெழுகுவத்தி ஏற்ற வேண்டும் என்று வேலைக்காரக் கிழவி டேபியோடு சண்டை போட்டுத் தோற்றாகிவிட்டது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று பிரான்வெல் இழுக்கிறான். எமிலியும் ஆனும் அதையே சொல்கிறார்கள். போய்ப் படுங்களேன் என்கிறாள் டேபி. அதைத் தவிர வேறு எதுவானாலும் சரி என்கிறான் பிரான்வெல். அப்போது சார்லட், நமக்கெல்லாம் ஆளுக்கொரு தீவு இருந்தால் எப்படி என்று கேட்கிறாள்.

அவ்வளவுதான். பிரான்வெல் மேன் தீவு என்கிறான். சார்லட் வைட் தீவு. எமிலி ஆரன். ஆன் கெர்ன்சி. மூச்சு விடாமல் அடுத்தது ஆட்கள். சார்லட்டுக்கு வெலிங்டன்தான், அதில் பேச்சில்லை. எமிலி நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டைக் கேட்கிறாள். ஆனுக்குப் பெண்டிங்க் பிரபு. இதற்குள் கடிகாரம் ஏழு அடித்துவிடுகிறது. படுக்கப் போக வேண்டியதாயிற்று. மறுநாள் எழுந்து, நாட்டில் பேர்பெற்ற ஆட்கள் ஏறக்குறைய எல்லாரையும் பங்கு போட்டுவிட்டார்கள்.

அந்தப் பட்டியலில் என்னை நிறுத்துகிற பெயர்கள் வேறு. பிரான்வெல் தன் தீவுக்கு ஆஸ்ட்லி கூப்பரைக் கூட்டிக்கொண்டான். சார்லட் அபர்நதியை. ஆன் ஹென்றி ஹால்ஃபோர்டை. கூப்பரும் அபர்நதியும் லண்டனின் பேர்போன அறுவை மருத்துவர்கள். ஹால்ஃபோர்ட் அரச வைத்தியர். தீவில் குடியேற நினைக்கும் பிள்ளைகள் கொள்ளையரையும் புதையலையும் தேடுவதுதான் வழக்கம். இந்தப் பிள்ளைகள் முதல் நாளே டாக்டர்களைத் தேடியிருக்கிறார்கள். தாயும் இரண்டு அக்காமாரும் போன வீட்டில் அந்தத் தேர்வுக்குக் காரணம் கேட்க வேண்டுமா? ஆய்வாளர்கள் என்ன சொன்னாலும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

நாடு இருக்கிறது, மக்கள் இருக்கிறார்கள். படிக்கப் பத்திரிகை வேண்டாமா? 1829 ஜனவரியில் பிரான்வெல் ஒன்றைத் தொடங்கினான். அப்பா இரவல் வாங்கும் 'பிளாக்வுட்ஸ்' இதழின் அச்சுநகல் போல, ஆனால் படிப்பவர்கள் சிப்பாய்கள் என்பதால் சிப்பாய் அளவில். ஆகஸ்டில் சார்லட் ஆசிரியர் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். சர்க்கரைப் பை, பொட்டலக் காகிதம் போன்றவை அட்டை. நூலால் கையாலேயே தைத்தது. 1830இல் வந்த இதழ் ஒன்று 35 மில்லிமீட்டருக்கு 61 மில்லிமீட்டர். அதற்குள் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அச்செழுத்து போலத் தெரியவேண்டும் என்று கையை இறுக்கி எழுதிய எழுத்து. இன்று அதைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். கண்பார்வை குறைந்துவந்த அப்பாவாலும் வீட்டுப் பெரியவர்களாலும் அதைப் படித்திருக்க முடியாது. அதில் பிள்ளைகளுக்கு வருத்தம் இருந்திருக்காது.

இந்தப் பத்திரிகையில்தான் சண்டை இலக்கியமாகிறது. பிரான்வெல் 'இளம் சூல்ட்' என்ற பெயரில் கவிதை எழுதினால், சார்லட் இன்னொரு பெயரில் வந்து அந்தக் கவிஞனைக் கிண்டலடிப்பாள். அவளுடைய ஆட்களின் அரண்மனை ரகசியங்களை பிரான்வெல்லின் ஆசிரியர் மறுப்பார். கற்பனை எழுத்தாளர்கள் கற்பனை நூல்களுக்குக் காட்டமான மதிப்புரை எழுதிக்கொண்டார்கள். வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் நேரே திட்டினால் பெரியம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும். பாத்திரத்தை விட்டுத் திட்டவைத்தால் கேட்பார் இல்லை.

அவற்றில் எனக்குப் பிடித்தது 1830 அக்டோபர் இதழில் வந்த 'பாரியின் அரண்மனையில் ஒரு நாள்'. வெலிங்டனின் இளைய மகன் சார்லஸ் பிரபு, அதாவது சார்லட்டின் செல்லக் கதைசொல்லி, எமிலியின் நாட்டுக்கு விருந்தாளியாகப் போகிறான். அங்கே மணிமாடங்களைக் காணோம். புகை கக்கும் ஆலைகளும் கல்வேலிகளும்தான். சாப்பாட்டுக்கு வறுத்த மாட்டிறைச்சி, யார்க்‌ஷயர் புட்டிங், மசித்த உருளைக்கிழங்கு, ஆப்பிள் பண்டம். பேச்சு பட்டிக்காட்டு வழக்கு. சார்லஸ் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்புகிறான். ஆப்பிரிக்காவில் பளிங்கு மாளிகை கட்டிக்கொள்ள அனுமதி இருந்தும் தன் பங்கு நிலத்தில் எமிலி யார்க்‌ஷயரையே கட்டியிருக்கிறாள். அக்காவுக்கு அது கேலிப்பொருள். எமிலியின் 'வுதரிங் ஹைட்ஸ்' படித்தவர்களுக்கு அது முதல் கடைக்கால்.

1831 ஜனவரியில் சார்லட் ரோ ஹெட் பள்ளிக்குப் போனாள். நால்வரில் நடுவர் போலிருந்தவள் போனதும் கூட்டணி உடைந்தது. எமிலியும் ஆனும் பெரியவர்களின் நாட்டை விட்டு வெளியேறி, வட பசிபிக்கில் கோண்டல் என்ற தீவை உண்டாக்கிக்கொண்டார்கள். பூதங்கள் கிடையாது, குளிரும் புல்வெளியும் சிறையும் உள்நாட்டுப் போரும் உண்டு. தென் பசிபிக்கில் கால்டீன் என்று இன்னொரு தீவையும் சேர்த்தார்கள். வீட்டிலிருந்த கோல்ட்ஸ்மித் பூகோளப் புத்தகத்தில் அகரவரிசையில் உலக இடப்பெயர்கள் அச்சாகியிருந்தன. அந்த வரிசைக்குள்ளேயே ஆன் தன் கையெழுத்தில் கோண்டலையும் கால்டீனையும் அவற்றின் மாகாணங்களையும் செருகிவைத்தாள். ஒரு பொய் நாட்டை மெய்யாக்க இதைவிடச் சுருக்கு வழி கிடையாது.

மூத்த இருவரும் கண்ணாடி நகரத்தை விடவில்லை. 1834இல் அதற்குக் கிழக்கே ஆங்ரியா என்ற புதிய ராஜ்யத்தை உண்டாக்கினார்கள். வெலிங்டனின் மூத்த மகன் இப்போது சமோர்னா கோமகன், ஆங்ரியாவின் அரசன், சார்லட்டின் நாயகன். அவனுக்கு எதிரே பிரான்வெல் நிறுத்தியது நார்த்தாங்கர்லாந்து என்ற பெர்சி. கிளர்ச்சிக்காரன், நாத்திகன், கவர்ச்சியான அயோக்கியன். பெர்சியின் மகள் மேரி சமோர்னாவின் மனைவி. அரசியல் பிரான்வெல் வசம், காதல் சார்லட் வசம் என்று வேலைப் பிரிவினை.

1836இல் சார்லட் அதே ரோ ஹெட் பள்ளியில் ஆசிரியை. ஊரில் இருந்த பிரான்வெல் போரைக் கிளப்பி, சமோர்னாவை நாடு கடத்தி, மேரியைச் சாகும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டான். செய்தி கடிதத்தில்தான் வரவேண்டும். மாணவிகளின் பாடத்துக்கு நடுவே, தம்பி அவளை உண்மையிலேயே கொன்றுவிட்டானா என்று சார்லட் தன் குறிப்பேட்டில் தவிக்கிறாள். வயது இருபது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சமோர்னாவைத் திரும்பவைத்து, மேரியையும் பிழைக்கவைத்தாள். இந்த முறை பூதம் வரவில்லை. நம்பும்படியான காரணம் தேட வேண்டியிருந்தது. விளையாட்டின் பழைய வரம் செல்லாமல் போன இந்த இடத்தில்தான் அவள் நாவலாசிரியை ஆனாள் என்பது என் எண்ணம். 1839 வாக்கில் ஆங்ரியாவுக்கு விடைகொடுத்து ஒரு சிறு குறிப்பு எழுதிவிட்டு வெளியே வந்தாள்.

கோண்டல் நின்றபாடில்லை. 1834 நவம்பரில் எமிலியும் ஆனும் எழுதிய குறிப்பு ஒன்றில், கோண்டல்காரர்கள் கால்டீன் தீவின் உட்பகுதியைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கும் செய்தியும், பின்கட்டில் துணி துவைப்பது யார் என்ற செய்தியும் ஒட்டி ஒட்டி வருகின்றன. நடுவே உருளைக்கிழங்கு உரிக்கச் சொல்லும் டேபி. பதினோரு ஆண்டு கழித்து, 1845இல், இருவரும் யார்க் நகருக்குப் போனபோது வழிநெடுக கோண்டல் பாத்திரங்களாகவே பேசிக்கொண்டு போனார்கள். எமிலிக்கு அப்போது 27 நிறையவிருந்தது, ஆனுக்கு 25. எமிலி உற்சாகமாக எழுதுகிறாள். ஆனோ, கோண்டல்காரர்கள் இப்போது முன்போல் இல்லை என்று அதே நாட்களில் குறித்துவைத்திருக்கிறாள். இருவர் விளையாட்டில் ஒருவருக்கு மட்டும் சலித்துவிட்டது. அதை அவள் எமிலியிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் எமிலியின் கவிதைக் குறிப்பேடு சார்லட் கண்ணில் பட்டது. அதிலிருந்து 1846இல் மூன்று சகோதரிகளின் கவிதைத் தொகுப்பு வந்தது; முதல் ஆண்டில் விற்றது இரண்டே பிரதி. அச்சுக்குக் கொடுக்கும் முன் எமிலி தன் கவிதைகளிலிருந்து கோண்டல் பெயர்களை எடுத்துவிட்டாள். 1847இல் 'ஜேன் ஐர்', 'வுதரிங் ஹைட்ஸ்', 'ஆக்னஸ் கிரே' மூன்றும் வெளியாயின. பிரான்வெல் 1848 செப்டம்பரிலும் எமிலி அதே ஆண்டு டிசம்பரிலும் ஆன் 1849 மே மாதத்திலும் இறந்தார்கள். சார்லட் 1855 வரை இருந்தார்.

கோண்டலின் உரைநடைக் கதைகள் எதுவும் மிஞ்சவில்லை. கவிதைகளையும் அந்தப் பூகோளப் புத்தகத்தையும் சில குறிப்புகளையும் வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் இன்றும் அதன் வரலாற்றைக் கட்ட முயல்கிறார்கள். கண்ணாடி நகரத்தின் சிறு புத்தகங்கள் தப்பின. சார்லட்டின் கணவர் ஆர்தர் நிக்கல்ஸ் அயர்லாந்தில் பத்திரமாக வைத்திருந்தவற்றை 1895இல் கிளமெண்ட் ஷார்ட்டர் என்பவர் வாங்கினார். பிறகு அவை சேகரிப்பாளர்கள் கைக்குப் போய்ப் பல நாடுகளுக்கும் சிதறின. மேலே அளவு சொன்னேனே, அந்த 1830ஆம் ஆண்டு இதழ் 2011இல் ஏலத்துக்கு வந்தபோது ஹாவொர்த் அருங்காட்சியகம் கேட்டும் கிடைக்கவில்லை. பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்று 6,90,850 பவுண்டுக்கு எடுத்துக்கொண்டது. அந்த நிறுவனம் நொடித்துப்போக, 2019 நவம்பரில் பாரிஸில் மறு ஏலம். பிராண்ட்டே சங்கம் பொதுமக்களிடமும் நன்கொடை திரட்டி, 6 லட்சம் யூரோவுக்கு ஏலம் எடுத்து ஊருக்குக் கொண்டுவந்தது.

சிறுபிராய எழுத்து என்று ஒதுக்காமல் இவற்றைப் படியுங்கள். எல்லாம் வேண்டாம். ஆங்ரியாக் கதைகளில் பல நீளம். பிரான்வெல்லின் போர்கள் சலிக்கும். தீவு பிறந்த அந்த டிசம்பர் இரவையும், 'பாரியின் அரண்மனையில் ஒரு நாள்' கதையையும் படித்தால் போதும். இரண்டும் சேர்ந்து சில பக்கங்கள்தான். வீட்டில் எழுத்து கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருந்தால் தீவு இரவை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். யாருக்கு எந்தத் தீவு என்ற சண்டை உடனே வரும், விலக்கிவிடாதீர்கள்.